கண்ணாடிக்காரி கடை

எங்கள் தெருவில் அவளைக் கண்ணாடிக்காரி என்றுதான் சொல்வோம். ஜன்னலுக்கும் அலமாரிக்கும் கண்ணாடி வெட்டிக் கொடுக்கும் கடை அவளுடையது. எதிரே பெயிண்ட் கடை என்னுடையது. அதனால் அவள் கதை எனக்கு அத்துப்படி.

அவளுக்கு ஓர் அண்ணன். தங்கையை அடிப்பதைத் தவிர வேறு வேலை எதுவும் உருப்படியாகப் பார்த்ததில்லை. ஒருநாள் கதவில் அவள் தலையை மோதினான். காயத்தில் தையல் பிரிப்பதற்குள் அவள் வீட்டைவிட்டு வெளியேறி, இந்தக் கடையை எடுத்து, மாடியறையில் குடியேறிவிட்டாள். பெண்பிள்ளைக்கு இந்தத் தொழில் சரிப்படாது என்று தெருவே முணுமுணுத்தது. வெறும் வாயை மென்றதைத் தவிர தெரு வேறு என்ன கிழித்தது?

வெட்டுவது அவள். கொண்டுபோய்ப் பொருத்துவது ஃபிட்டர். வாயில்லாப் பூச்சி. பெரிய கண்ணாடியை இருவர் தூக்கினால் காலடி ஒன்றாக விழ வேண்டும். ஒருவர் தயங்கினாலும் உடைந்துவிடும். அப்படித் தூக்கித் தூக்கியே அவர்களுக்குள் காதல் வந்தது.

அது அண்ணன் காதுக்கு எட்டியது. ஒரு மத்தியானம் இரும்புக் கம்பியோடு வந்தான். முதலில் முகப்புக் கண்ணாடி நொறுங்கியது. அடுத்து ஃபிட்டரின் முதுகில் அடி விழுந்தது.

"கடையைப் பூட்டிட்டு வீட்டுக்கு வா."

"வர முடியாது" என்றாள்.

அவன் கண்ணாடிகளைச் சாய்த்து வைத்திருந்த சட்டத்தை எட்டி உதைத்தான். ஆளுயரக் கண்ணாடி ஒன்று அவள்மேல் சரிந்தது. விழும் கண்ணாடியைப் பிடிக்கக் கூடாது, விலகிவிட வேண்டும். தொழிலில் முதல் பாடமே அதுதான். ஃபிட்டர் இரண்டு கையாலும் பிடித்தான். வலது உள்ளங்கை எலும்பு தெரியப் பிளந்தது.

ரத்தத்தைப் பார்த்ததும் அண்ணன் கம்பியை நழுவவிட்டான். அவள் எடுத்தாள். முழங்காலில் ஒன்று, தோளில் ஒன்று. நாங்கள் நாலு பேர் பிடித்தும் அவள் அடங்கவில்லை. உண்மையைச் சொன்னால், நான் இறுக்கிப் பிடிக்கவில்லை. நொண்டிக்கொண்டே ஓடிய அண்ணன் அப்புறம் இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை.

நரம்பு அறுந்து ஃபிட்டரின் மூன்று விரல்கள் மடங்காமல் போயின. கட்டுப் போட்ட கையோடு வந்து, இனி தன்னால் கடைக்குப் பாரம்தான், வேறு ஆள் பார்த்துக்கொள் என்று தலைகுனிந்து சொன்னான். அவளுக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம். வெட்டி வைத்திருந்த கண்ணாடியின் ஒரு ஓரத்தைத் தூக்கினாள்.

"கடை என்னுது. யாரை வச்சுக்கணும், யாரை அனுப்பணும்னு நான்தான் சொல்லணும். அண்ணன் சொல்லியே கேக்கல, நீ சொல்லியா கேப்பேன்? அந்தப் பக்கம் பிடி."

அவன் இடது கையால் பிடித்தான்.