ஏழாவது குடியின் சொல்

இங்கிலாந்தில் அரசனுக்கும் பாராளுமன்றத்துக்கும் நடந்த யுத்தத்தை உயர்தர வகுப்புக்குப் படிப்பிப்பதில் என்னை மிஞ்ச மட்டக்களப்பிலேயே ஆள் இல்லை என்று ஒரு காலத்தில் நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்குக் காரணம் என் படிப்பு அல்ல, என் மாமா.

இந்தப் பாடம் எந்த இடத்தில் இறுகும் என்று வரலாறு படிப்பிக்கிற எல்லாருக்கும் தெரியும். தன் அதிகாரம் கடவுள் தந்தது, அதற்குத் தான் மனிதருக்குப் பதில் சொல்லத் தேவையில்லை என்று அந்த அரசன் நம்பினான் என்று சொன்னவுடன் பிள்ளைகள் கொட்டாவி விடத் தொடங்குவார்கள். அந்த இடத்தில்தான் நான் சோக்கட்டியைக் கீழே வைப்பேன். "விளங்கல்லையா? நம்மட அம்மன் கோயிலுக்குப் போங்க. அங்க ஒருத்தர் நிப்பார். பொதுக்கூட்டம் எப்ப வைப்பீங்க எண்டு கேளுங்க. அம்மனிட்டக் கேட்டுச் சொல்லுறன் எண்டுவார். அவர்தான் அந்த அரசன்." வகுப்பு சிரித்து அடங்க ஐந்து நிமிடம் எடுக்கும். அதற்குப் பிறகு பரீட்சையில் அந்தக் கேள்விக்கு ஒரு பிள்ளையும் பிழை விட்டதில்லை. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அந்த 'ஒருத்தர்' என் தாயின் தமையன். கோயில் நிருவாகம் முழுவதையும் பார்க்கிற வண்ணக்கர். என் மனைவியின் தகப்பனும் அவர்தான். எங்கள் பக்கத்தில் குடி என்கிற குலப்பிரிவு தாய்வழியாக வருவதால் நானும் மாமாவும் ஒரே குடி. அவர் பெற்ற மகள் அவளுடைய தாயின் குடி. வண்ணக்கர் பதவியும் மகனுக்குப் போகாது, சகோதரியின் மகனுக்குத்தான் வரும். அவருக்கு அப்படி இருப்பது நான் ஒருவன். இதை நான் வகுப்பில் சொன்னதில்லை. சொல்ல என்ன இருக்கிறது, ஊருக்கே தெரிந்த விஷயம்.

மாமாவைப் பற்றி நியாயமாகவும் ஒன்று சொல்ல வேண்டும். சண்டை நடந்த கெட்ட காலத்தில் ஊர் முழுக்க வாவியைக் கடந்து படுவான்கரைக்கு ஓடியபோது, ஓடாமல் நின்று அம்மனுக்கு விளக்கு வைத்தவர் அவர் ஒருவர்தான். அதை யாரும் மறுக்க முடியாது. அவருடைய பிரச்சினை, அதை அவரும் ஒரு நாளும் மறக்கவில்லை. கூட்டத்தில் யாராவது எழும்பி ஒரு கேள்வி கேட்டால், "நான் விளக்கு வைக்கக்குள்ள நீ எங்க நிண்ட?" என்பார். பிறகு கூட்டம் கூட்டுவதையே விட்டுவிட்டார். அந்த அரசனும் பதினொரு வருடம் பாராளுமன்றத்தைக் கூட்டாமல் ஆண்டான். மாமா அவனையும் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்.

எல்லாம் சிரிப்பாகவே போயிருக்கும், போன வருடத்து வைகாசிச் சடங்கு இல்லாவிட்டால்.

எங்கள் அம்மனின் கதவு வருடத்தில் ஒரு தடவை, அந்தச் சடங்குக்குத்தான் திறக்கும். கடைசி நாள் குளிர்த்திப் பாட்டுப் பாடி முடியும் வரைக்கும் ஊர் வேறு வேலை பார்க்காது. இரண்டாம் நாள், வாவியில் வலை போடுகிற ஒரு மனிதர் எல்லாரும் கேட்கும்படி மாமாவிடம் "கூட்டம் எப்ப ஐயா?" என்று கேட்டார். மாமா கேட்காதவர்போல உள்ளே போய்விட்டார். அடுத்த நாள் அந்த மனிதரின் மனைவி பழமும் பாக்கு வெற்றிலையும் நிறைந்த மடைப்பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு இரண்டு பெண்பிள்ளைகளோடு வாசலுக்கு வந்தாள். மாமா கையை நீட்டி மறித்தார்.

"இந்த வருசம் வேணாம். கொண்டு போங்க."

எங்கள் ஊரில் அம்மனுக்குக் கட்டிய பெட்டி நிறைந்தபடி வீட்டுக்குத் திரும்புவதில்லை. சாவு விழுந்த வீட்டுக்காரர்கூட யாரிடமாவது கொடுத்து அனுப்புவார்கள். அந்தப் பெண் பெட்டியை இறக்கவில்லை. வந்த வழியே, கடைத்தெருவால், எல்லாரும் பார்க்க நடந்து போனாள். மூத்த பிள்ளைக்கு அழுகையை அடக்க முடியவில்லை. நான் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு மாமாவுக்குப் பத்தடி தூரத்தில் நின்றேன். பதினெட்டு வருடமாக அரசர்களை எதிர்த்துப் பாடம் நடத்துகிறவன், வாயைத் திறக்கவில்லை. அந்த வெட்கம் இன்றைக்கும் எனக்குப் போகவில்லை.

அந்த மனிதரின் தம்பி என் பழைய மாணவன். வரலாற்றில் ஏ எடுத்தவன். இப்போது பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர். இந்த வருடம் சித்திரை பிறந்த கையோடு, இடைவேளை நேரத்தில், பள்ளிக்கூடத்துச் சைக்கிள் கொட்டிலுக்கு என்னைத் தேடி வந்தான். கையில் இரண்டு பக்கக் கடிதம். பிரதேச செயலாளருக்குக் கொடுக்கப் போகிற மனு.

"சேர், ஒருக்காப் பாத்துத் தாங்க. வசனப் பிழை இருந்தா மானம் போயிரும்."

படித்துப் பார்த்தேன். வசனப் பிழை இருக்கவில்லை. இருந்தது என் நோட்ஸ். 'உள்நாட்டு யுத்தத்துக்கான காரணங்கள்' என்று நான் கரும்பலகையில் எழுதிப் போட்ட ஏழு புள்ளிகளும் அப்படியே இலக்கம் போட்டு இருந்தன. அரசன் என்ற இடத்தில் வண்ணக்கர், பாராளுமன்றம் என்ற இடத்தில் பொதுச்சபை. 'சபையின் சம்மதமின்றி வரி அறவிட்டமை.' 'கேள்வி கேட்டோரைத் தண்டித்தமை.' எனக்குச் சிரிப்பு வந்தது.

அந்த இடத்தில் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்தேன். மூன்றாம் புள்ளி பலவீனமாக இருந்தது. பெட்டியைத் திருப்பிய சம்பவத்தை அவன் கடைசியில் சாட்டுக்குச் சொல்லியிருந்தான். அதை மூன்றாவதற்கு ஏற்றி, இரண்டு வசனம் என் கைப்பட எழுதி, "இதுதான் முக்கியம், இத மேல போடு" என்றேன். விடைத்தாள் திருத்திப் பழகிய கை. யாருடைய தலைக்கு எழுதுகிறோம் என்று அந்தக் கைக்குத் தெரியவில்லை.

அவன் அதைத் திரும்ப எழுதுவான் என்று நினைத்தேன். அவசரத்தில் அதையே போட்டோ கொப்பி எடுத்து எல்லாருக்கும் கொடுத்துவிட்டான். ஒரு பிரதி மாமாவுக்கும் போனது. என் கையெழுத்து அவருக்குத் தெரியாதா? எனக்கு ஏடு தொடக்கி, கையைப் பிடித்து அரிசியில் 'அ' எழுத வைத்தவரே அவர்தான்.

மாமா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. வழக்கம்போல வந்தார், பேரப்பிள்ளைகளுக்கு மாம்பழம் கொடுத்தார், போனார். என் மனைவிதான் இரண்டு நாள் கழித்து, காலையில் பிட்டு அவித்துக்கொண்டே கேட்டாள்.

"அப்பாவப் பத்தின கடிதத்தில மூணாவது நீங்க எழுதினதாமே?"

"ஓம்."

"அந்தப் பிள்ளையள் அழுதுகொண்டு போனத நானும் பாத்தனான். நீங்க எழுதினது பொய்யில்ல. ஆனா நீங்க அவரிட்ட நேர போய்ச் சொல்லியிருக்கலாம்." அடுப்பைத் தணித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "ஒண்டு மட்டும் உண்மையச் சொல்லுங்க. அவர எழுப்பிப் போட்டு அந்த இடத்தில நீங்க இருக்கப் போறீங்களா?"

"எனக்கெதுக்கு அது" என்றேன். கோபத்தோடுதான் சொன்னேன். அப்போது அது உண்மை என்று நம்பினேன்.

கூட்டம் வைக்காவிட்டால் சடங்குக்கு அனுமதி இல்லை என்று பிரதேச செயலகத்திலிருந்து கடிதம் வந்தது. கதவு திறக்கிறது திங்கட்கிழமை. கூட்டம் அதற்கு முதல் நாள் பின்னேரம், கோயில் வீதியில். கலாசார உத்தியோகத்தர் ஒருவர் மேசை போட்டு இருந்தார். வேப்பமரத்தடியில் இரண்டு பொலிஸ்காரர். ஆண்கள் எல்லாரும் மேலில் சட்டையில்லாமல், சால்வையோடு. பெண்கள் மதிலோரம் நின்றார்கள். என் மனைவி அவர்களுக்குள் இருந்தாள். அந்தப் பெட்டி கொண்டு வந்த பெண்ணும் இருந்தாள்.

மாமா தலைப்பாகை கட்டிக்கொண்டு வந்து கதிரையில் இருந்தார். சபைக்கு முன்னால் கேள்விக்கு நிற்கிறவர் தலைப்பாகையைக் கழற்றுவது மரியாதை. அவர் கழற்றவில்லை. மனுவை வாசித்து முடித்து, "என்ன சொல்லுறீங்க?" என்று உத்தியோகத்தர் கேட்டார்.

"என்னைக் கேக்கிறதுக்கு இவங்களுக்கு அதிகாரம் தந்தது ஆர்?" என்றார் மாமா. "அத முதல்ல சொல்லுங்க. பிறகு நான் பதில் சொல்லுறன்."

முந்நூறு நானூறு வருடத்துக்கு முதல் அந்த அரசன் தன்னை விசாரித்தவர்களிடம் கேட்டதும் இதைத்தான். மாமா ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவர். அவருக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. என் பழைய மாணவன் திரும்பி என்னைப் பார்த்தான். அவனுக்கும் ஞாபகம் வந்திருந்தது.

எங்கள் கோயிலில் வாக்குச்சீட்டு கிடையாது. குடியின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். அந்தக் குடிக்கு மூத்த ஆண் எழும்பி ஒரு சொல் சொல்வார். இருக்கட்டும், அல்லது மாறட்டும். ஏழு குடி, ஏழு சொல். முதல் குடி இருக்கட்டும் என்றது. இரண்டாவது மாறட்டும். என் மனைவியின் குடிக்கு மாமாவின் சொந்த மைத்துனர் எழும்பி, நிலத்தைப் பார்த்துக்கொண்டு மாறட்டும் என்றார். ஆறு குடி முடிந்தபோது மூன்றுக்கு மூன்று.

ஏழாவது எங்கள் குடி. எங்கள் குடிக்கு மூத்தவர் மாமா. தன் விஷயத்தில் தானே சொல்ல முடியாது. அவருக்கு அடுத்த மூப்பு எனக்கு.

என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். எழும்பினேன். மாமாவைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்துவிட்டேன். தலையை வெட்டிய அன்று அந்த அரசன் இரண்டு சட்டை போட்டுக்கொண்டு வந்தானாம், குளிரில் நடுங்கினால் பயத்தில் நடுங்குகிறான் என்று சனம் நினைக்கும் என்று. வகுப்பில் நான் இந்தச் செய்தியைச் சொல்லாமல் விடுவதில்லை. மாமாவுக்கு ஒரு சட்டைகூட இல்லை. முகம் அசையவில்லை, கை கதிரையில் இறுக்கமாக இருந்தது. ஆனால் வயிற்றுத் தோல் நடுங்கியது. நல்ல வெயில் அன்றைக்கு. எல்லாரும் அதைப் பார்த்தார்கள்.

இருக்கட்டும் என்று சொல்லிவிடத்தான் நாக்கு எழும்பியது. பாவம், வயது போனவர், ஓடாமல் நின்று விளக்கு வைத்தவர், என்னைத் தூக்கி வளர்த்தவர். பிறகு மதிலோரம் பார்த்தேன். அந்தப் பெண் என்னை எதிர்பார்ப்போடு பார்க்கவில்லை. இவன் என்ன சொல்லப் போகிறான் என்று முன்பே தெரிந்தவள்போல வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றாள். போன வருடம் நான் பத்தடியில் நின்று பேசாமல் இருந்ததை அவள் கண்டிருந்தாள்.

"மாறட்டும்" என்றேன்.

சத்தம் எழும்பி அடங்கியது. உத்தியோகத்தர் எழுதிக்கொண்டார். இனி அவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான், நாளைக்குக் கதவைத் திறக்கப் போவது யார்? எனக்கு ஆறுதலாக இருந்தது. இனிச் சபை ஒருவரைத் தெரிவுசெய்யும், ஒவ்வொரு வருடமும் கணக்குக் காட்டும், கேள்விக்குப் பதில் சொல்லும். ஏழு புள்ளியும் கேட்டது அதைத்தான், நான் படிப்பித்தது. என் பழைய மாணவன் எழும்பினான், அதைச் சொல்லத்தான் என்று நினைத்தேன்.

"அதில என்ன யோசிக்க இருக்கு?" என்றான். "முறை எண்டு ஒண்டு இருக்குதானே. மருமகன் இருக்கிறார். சேர் எங்கட ஆள்."

ஆறு குடியும் ஓம் என்றன. மாமாவை இருக்கட்டும் என்ற மூன்றும் சேர்த்து. எனக்கு அதிர்ச்சி என்று சொல்ல ஆசைதான். 'எனக்கு வேணாம், நீங்க ஒராளத் தெரிவு செய்யுங்க' என்று ஒரு வசனத்தை வீட்டிலிருந்தே கொண்டு வந்திருந்தேன். நாளைக்குக் கதவு திறக்காவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்தேன். ஒரு வருடம் மட்டும், கூட்டத்தை நானே ஒழுங்காகக் கூட்டிக் காட்டலாம் என்று யோசித்தேன். நல்ல நல்ல காரணங்கள் வரிசையாக வந்தன. அவற்றுக்கு அடியில், எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்த நிமிடத்தில், எனக்கு அது வேண்டும் போலவும் இருந்தது. இதை எழுதவே கூசுகிறது.

"சரி" என்றேன்.

மாமா எழும்பினார். மடியிலிருந்து கதவுச் சாவியை அவிழ்த்துக்கொண்டு என்னிடம் நடந்து வந்தார். பொலிஸ்காரர் ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். மாமா என் வலது கையைப் பிடித்து விரித்து, சாவியை உள்ளங்கையில் வைத்தார். அவர் முகத்தில் கோபத்தைத் தேடினேன். இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"இது வேணுமெண்டா என்னட்டக் கேட்டிருக்கலாமே, மருமகன்" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற குரலில். "தந்திருப்பனே."

இதற்காகச் செய்யவில்லை மாமா, அந்தப் பெட்டிக்காகத்தான் செய்தேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அது உண்மைதான். ஆனால் சாவி என் கையில் இருந்தது. அதை நான் திருப்பிக் கொடுக்கவும் இல்லை.