ஆறுதலாக விழுந்த கோல்

எனக்குப் பழிவாங்கும் குணம் உண்டு. ஒத்துக்கொள்கிறேன்.

சென்னையிலிருந்து ஒஸ்லோவுக்குப் படிக்க வந்த கார்த்தி ஒருநாள் ரயிலில் படபடவென்று பேசினான். "ஆறுதலாக் கதையுங்கோ" என்றேன். எங்கள் ஈழத் தமிழில் அதற்கு 'மெதுவாக' என்று பொருள். "ஏன், நான் அழறேனா?" என்று எல்லார் முன்னாலும் சிரித்தான். ஒரு வருடம் காத்திருந்தேன்.

எல்லிங்ஸ்ருட் மைதானத்தில் எங்கள் கல்லூரியோடு மோத வந்தது அவன் கல்லூரி. பட்டியலில் கடைசி அணி. அவன்தான் கோல்கீப்பர்.

"இவங்களுக்குப் பயப்பட வேணும். அந்தக் கீப்பர் ஒண்டையும் விடான்" என்றாள் தோழி நிரோஷா.

"இவங்களுக்கோ? எங்கட பெடியள் ஆறுதலா விளையாடினாலே அஞ்சு கோல் போடுவாங்கள்!" அவன் காதில் விழட்டும் என்றே கத்தினேன்.

அவன் ஒன்றையும் விடவில்லை. கடைசி நிமிடத்தில் அவர்கள் ஒரு கோல் போட்டு வென்றார்கள்.

கார்த்தி நேராக என்னிடம் வந்தான். அவன் நக்கலுக்கு நான் பதில் தயாராக வைத்திருந்தேன். அவனோ மைதானத்தின் பனி உறைந்திருந்த படிக்கட்டைக் காட்டி, "வழுக்குது. ஆறுதலா இறங்குங்க" என்றான். எங்கள் பொருளில், பிழையில்லாமல்.

நிரோஷா உருகிப்போனாள். நான் உருகவில்லை. ஒரு வருடம் வளர்த்த பகையை ஒரே சொல்லால் பறித்துக்கொண்டான். அதற்காகவே அவனை இன்னும் மன்னிக்கவில்லை.

படிக்கட்டில் மட்டும் ஆறுதலாகத்தான் இறங்கினேன்.