மீராசாக் காக்காவின் வேனும் மிச்சமிருந்த ஒரு வீடும்

எங்கள் ஒழுங்கையில் மீராசாக் காக்காவுக்குத் தெரியாத தொழில் கிடையாது. முழுதாகத் தெரிந்த தொழிலும் கிடையாது, ஆனால் அதை அவரிடம் எடுத்துச் சொல்ல ஆளில்லை. கல்முனைக்குடியில் முப்பது வருடம் அரிசிக் கடை நடத்தியவர். கடையை மகனிடம் ஒப்படைத்த பிறகு ஃபோனில் வீடியோ பார்த்து மெக்கானிக் ஆனார். தண்ணீர் மோட்டரைத் திருத்தினார். இரண்டு நாள் அவர்கள் வீட்டுக் குழாயைத் தொட்டால் கரண்ட் அடித்தது. "லேசாத்தானே அடிக்கிது, உடம்புக்கு நல்லம்" என்றார்.

இந்த மனிதர் மனைவி முனவ்வறா ராத்தாவுடன் உம்றாவுக்குப் புறப்பட்டார். மக்காவைக் காணவேண்டும் என்பது கலியாணம் முடித்த நாளிலிருந்து ராத்தாவின் ஆசை. ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று குறுக்கே வந்தது: ஒருமுறை சுனாமி, ஒருமுறை கொரோனா, மற்ற எல்லா முறையும் காக்கா.

உம்றாவுக்குப் போகிறவர்கள் ஊராரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போவது எங்கள் வழக்கம். காக்கா வீடு வீடாக ஏறினார். "தெரிஞ்சோ தெரியாமலோ ஏதும் பிழை செஞ்சிருந்தா மன்னிச்சுக்கொள்ளுங்க" என்று ஒரே மூச்சில் சொல்லி, அடுத்த மூச்சில் தேத்தண்ணி கேட்டார். போன கிழமைதான் ஒழுங்கைக்குக் குடிவந்த ஒரு வங்கி உத்தியோகத்தரிடமும் மன்னிப்புக் கேட்டார். அந்தப் பிள்ளை பயந்துபோய், "நீங்க எனக்கு ஒண்டும் செய்யல்லயே" என்றது. "இனிச் செஞ்சாலும் எண்டு வையுங்க" என்றார் காக்கா.

ஒரு வீடு மட்டும் மிச்சமிருந்தது. வாகனங்களுக்கு வயரிங் வேலை செய்யும் முஹ்ஸினின் வீடு. மின்வெட்டு நடந்த வருடம் முஹ்ஸின் காக்காவின் வேனுக்குப் புதுப் பெட்டறி ஒன்று பூட்டிக் கொடுத்திருந்தான். ஒரு மாதத்தில் அது செத்தது. திறந்து பார்த்தால் பழைய பெட்டறி. முஹ்ஸின் புதியதைக் களவெடுத்துவிட்டுப் பழையதை மாட்டினான் என்று காக்கா தேத்தண்ணிக் கடையில் சொன்னார், பள்ளிவாசல் வாசலில் சொன்னார், சந்தையில் சொன்னார். ஊரும் நம்பியது. முஹ்ஸினின் கடைக்கு வாகனம் வருவது நின்றது. நானும் என் மோட்டார் சைக்கிளை வேறு இடத்துக்குத்தான் கொண்டுபோனேன்.

"அவன்ட வீட்டுக்கும் ஒரு நடை போங்களன்" என்று ராத்தா கெஞ்சியது மதில் தாண்டி எனக்குக் கேட்டது.

"கள்ளன்தான் வந்து என்னட்டக் கேக்கணும்" என்றார் காக்கா.

புறப்படும் நாள் காலை, துஆ ஓதி முடித்து, அழுகிறவர்கள் அழுது முடித்து, இருவரும் வேனில் ஏறினார்கள். காக்கா திறப்பைத் திருப்பினார். 'டிக்' என்றது. மீண்டும் திருப்பினார். மீண்டும் 'டிக்'. அவ்வளவுதான். விமானம் அன்று இரவு. கட்டுநாயக்கா போய்ச் சேர எட்டு மணித்தியாலமாவது வேண்டும். ஊரிலிருந்த வாடகை வேன்கள் எல்லாம் பொத்துவிலில் ஒரு கலியாணத்துக்குப் போயிருந்தன.

காக்கா இறங்கி முன்பக்க லைட்டைப் போட்டார். பளிச்சென்று எரிந்தது. ஹோர்ன் அடித்தார். செத்தவர் எழும்பும் அளவுக்குக் கத்தியது. "பெட்டறி வீக்" என்று தீர்ப்புச் சொன்னார். பக்கத்து லொறியின் பெட்டறியைக் கழற்றிவந்து மாட்டினார்கள். 'டிக்'. ஸ்டார்ட்டருக்கு ஸ்பெனரால் நாலு தட்டு. 'டிக்'. பிறகு ஒழுங்கையே சேர்ந்து வேனைத் தள்ளியது. ஓட்டோ கியர் வாகனத்தைத் தள்ளி ஸ்டார்ட் பண்ண முடியாது என்பது அங்கிருந்த பாதிப்பேருக்குத் தெரியும். தெரிந்தவர்களும் சேர்ந்துதான் கடற்கரை மணல்வரை தள்ளினோம், பிறகு திரும்பத் தள்ளிக்கொண்டு வந்தோம். நல்ல காரியத்தில் பங்கெடுத்த திருப்தி எல்லோருக்கும் இருந்தது.

ராத்தா மட்டும் தள்ளவில்லை. பாஸ்போட் பையை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டிலேயே இருந்தார். கண் நிறைந்திருந்தது. நான் கிட்டப் போனதும் தாழ்ந்த குரலில், "மாஸ்டர், முஹ்ஸினக் கூட்டிட்டு வாங்க" என்றார்.

"அவன்ட கை என்ட வாகனத்தில படப்படாது!" என்று பொனட்டுக்குள்ளிருந்து காக்கா கத்தினார்.

"அப்ப உங்கட கை பட்டு இது மக்காவுக்குப் போகுமா?" என்றார் ராத்தா. முப்பத்தெட்டு வருடத்தில் அவர் காக்காவை எதிர்த்துக் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். நான் மோட்டார் சைக்கிளை எடுத்தேன்.

முஹ்ஸின் முழுக்கதையையும் கேட்டான். "ராத்தாவா கூப்பிட்ட?" என்று மட்டும் கேட்டான். ஓம் என்றேன். ஒரு கறுப்புக் கேபிளையும் ஒரு துண்டு மண்கடதாசியையும் எடுத்துக்கொண்டு பின்னால் ஏறினான்.

வந்தவன் யாருக்கும் முகம் கொடுக்கவில்லை. வேனுக்கு அடியில் குனிந்து பார்த்தான். "அடியில பெயின்ற் அடிச்ச ஆரு?"

"நான்தான். உப்புக் காத்துக்குத் துருப்பிடிக்கப்படாதெண்டு நேத்து அடிச்ச. தோணிக்கு அடிக்கிற பெயின்ற், அசல் சாமான்" என்றார் காக்கா, பெருமையை விடாமல்.

"ஏர்த் வயரக் கழட்டிட்டா அடிச்ச?"

"ஓம், அதுக்குக் கீழயும் வடிவா அடிச்சுட்டுத்தான் திரும்பப் பூட்டின."

முஹ்ஸின் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று காக்காவுக்குத் தோன்றியிருக்கும். கேபிளின் ஒரு முனையைப் பெட்டறியின் மைனஸிலும் மற்ற முனையை எஞ்சின் இரும்பிலும் பிடித்து, "அடிங்க ராத்தா" என்றான். ராத்தா கையை நீட்டித் திறப்பைத் திருப்பினார். வேன் முதல் அடியிலேயே பிடித்தது. எஞ்சினுக்கும் வேனின் உடம்புக்கும் நடுவே கரண்ட் திரும்பிவரும் பாதையைத்தான் காக்கா அழகாகப் பெயின்ற் அடித்து அடைத்திருந்தார். லைட்டுக்கும் ஹோர்னுக்கும் அந்தப் பாதை தேவையில்லை, ஸ்டார்ட்டருக்குத் தேவை. முஹ்ஸின் வேனை நிறுத்தச் சொல்லி, அடியில் படுத்து, மண்கடதாசியால் பெயின்ற்றைச் சுரண்டி, வயரை வெறும் இரும்பில் இறுக்கிப் பூட்டினான். திரும்ப அடித்தபோது கேபிள் இல்லாமலே ஓடியது. மொத்தம் பத்து நிமிடம்.

காக்கா தொண்டையைச் செருமினார். "அப்ப முஹ்ஸின், தெரிஞ்சோ தெரியாமலோ..."

"தெரியாமச் செஞ்சதெல்லாம் மன்னிச்சிட்டன் காக்கா" என்றான் முஹ்ஸின், கையைத் துடைத்துக்கொண்டே. "தெரிஞ்சு செஞ்சத மட்டும் சொல்லுங்க. எல்லாரும் நிக்கிறாங்க, கேக்கட்டும்."

வேன் ஓடிக்கொண்டிருந்தது. ஏறிப் போயிருந்தால் யாரும் தடுத்திருக்க மாட்டோம். காக்காவும் கதவைப் பிடித்தார். அப்போது மற்றப் பக்கக் கதவு திறந்தது. ராத்தா இறங்கி, பையோடு றோட்டில் நின்றார். "இஞ்சரிங்க, நீங்க சொல்லாம நான் ஏறமாட்டன்."

காக்கா நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். மின்வெட்டு நேரம் வீட்டு லைட்டுக்காகப் புதுப் பெட்டறியைக் கழற்றியவர் அவர்தான். பழையதை மாட்டி ஓடித்திரிந்து, கழற்றியதையே மறந்துபோனார். முஹ்ஸினைக் கள்ளன் என்று சொல்லி ஒரு கிழமையில் புதியது கட்டிலுக்கடியில் அகப்பட்டது. "அதுக்குள்ள ஊரெல்லாம் சொல்லி முடிச்சிட்டன். திரும்ப என்னெண்டு சொல்ற எண்டுதான் பேசாம இருந்துட்டன்." அவருடைய குரல் இவ்வளவு சிறியது என்று எங்களுக்கு அதுவரை தெரியாது.

முஹ்ஸின் கேபிளைச் சுருட்டி எடுத்தான். "நான் மன்னிச்சிட்டன் காக்கா. அல்லாஹ்வுக்காக. ஆனா என்ட வாப்பா மௌத்தாகும் மட்டும் மகன் கள்ளன் எண்டுதான் நினைச்சார். என்ட சோத்தக்கூடத் திங்கல்ல. அவருட்டயும் சொல்லிட்டுப் போங்க."

வேன் அம்பாறை றோட்டில் ஏறவில்லை. முதலில் முஹ்ஸினின் வாப்பாவை அடக்கிய மையவாடிக்குப் போனது. நாங்கள் சிலர் பின்னால் போனோம். எந்தக் கபுறு என்று காக்காவுக்குத் தெரியாததால் முஹ்ஸின்தான் முன்னால் நடந்து காட்டினான். காக்கா அங்கே நின்று ஏதோ சொல்லத் தொடங்கினார், முடியவில்லை, அழுதார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது. நன்றாக வேண்டும் என்றுகூட நினைத்தேன்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேனுக்குப் போனார். முஹ்ஸின் போகவில்லை. என்னைப் பார்த்தபடி நின்றான். நான் செருப்பைக் கழற்றிவிட்டு, காக்கா நின்ற இடத்தில் போய் நின்றேன். பெட்டறிக் கதையை முஹ்ஸினின் வாப்பாவிடம் முதலில் கொண்டுபோய்ச் சொன்னவன் நான்தான்.