துரை பங்களாவில் ஒரு வாரம்

கணவர் இறந்த மூன்றாவது வருடமும் அந்தக் கடிதம் வந்தது. உறையில் அவர் பெயர், யேசுரத்தினம் என்றுதான் இருந்தது. செபஸ்தியம்மா அதைப் பிரிக்கவில்லை. பண்டாரவளைக்கு மேலே இருக்கிற விடுதியின் பராமரிப்புக் கட்டணம், போன வருடத்தைவிடக் கூடுதலாக. வேறென்ன இருக்கப்போகிறது?

விடுதி என்பது பிறகு வைத்த பெயர். முன்பு அது தேயிலைத் தோட்டத்து மேலாளர் குடியிருந்த துரை பங்களா. யேசுரத்தினம் தோட்டத்து லொறி ஓட்டிய முப்பது வருடமும் அங்கே மரக்கறியும் விறகும் இறக்கியவர். பின்வாசலோடு சரி. துரை கூப்பிட்டால் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு முற்றத்தில் நிற்க வேண்டும். காலம் மாறி, ஒரு கம்பனி அந்தப் பங்களாவை வாங்கியது. வருடத்தில் ஒரு வாரம் என்று அறை அறையாக ஆட்களுக்கு விற்றது. ஒரேயடியாகப் பணம் கட்டினால் இருபத்தைந்து வருடத்துக்கு அந்த வாரம் அந்த அறை உங்களுடையது; வருடா வருடம் பராமரிப்புக் கட்டணம் மட்டும் தனி. யேசுரத்தினம் ஓய்வுபெற்றபோது கிடைத்த சேமலாப நிதிப் பணத்தை எடுத்துக்கொண்டுபோய் அதில் போட்டுவிட்டார்.

"வீட்டுக் கூரையை மாத்தியிருக்கலாமேப்பா" என்றாள் மகள் ஜெசிந்தினி.

"கூரையை எப்ப வேணும்னாலும் மாத்தலாம்மா" என்றார்.

முதல் தடவை போனபோது செபஸ்தியம்மாவின் கால்கள் தாமாகவே சமையல் நடக்கும் பின்வாசல் குசினிப் பக்கம் திரும்பின. அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"எங்க புள்ள போற? முன்வாசலால வா."

விடுதிச் சாப்பாடு விலை என்று ஊரான பசறையிலிருந்தே ரொட்டியும் காரமான கட்டச் சம்பலும் கட்டிக்கொண்டு போயிருந்தார்கள். கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டாலும் சம்பல் வாசம் அடங்குமா? பக்கத்து அறைக் கண்டிக் குடும்பம் கதவைத் தட்டிக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டது. குளியலறைத் தொட்டியில் சுடுதண்ணீரை நிரப்பி, விரல் சுருங்கும்வரை அதற்குள்ளே கிடந்து மாதா பாட்டுப் பாடினார் யேசுரத்தினம். அந்த மனிதருக்குப் பாட வரும் என்பதே செபஸ்தியம்மாவுக்கு அன்றுதான் தெரிந்தது.

ஏழு வருடம் இப்படிப் போனது. எட்டாவது வருடம் அந்த வாரம் வருவதற்கு முன்பே நெஞ்சுவலியில் போய்விட்டார்.

அவர் ஆசைப்பட்ட இடமாயிற்றே என்று இரண்டு வருடம் கட்டணத்தைக் கட்டினாள். ஒரு தடவை தனியாகப் போயும் பார்த்தாள். அதே அறை, அதே கட்டில். தொட்டியில் தண்ணீர் திறந்துவிட மனம் வரவில்லை. இரண்டாம் நாளே பஸ் ஏறிவிட்டாள்.

இந்த முறை, இனி அந்த அறை வேண்டாம் என்று சொல்ல, கடிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு விடுதிக் கந்தோருக்கே போனாள். முகாமையாளர் ரிஷி மரியாதையான பையன். தேத்தண்ணி கொடுத்து உட்காரவைத்தான்.

"விலக ஏலாது ஆன்ட்டி. அங்கிள் இருபத்தஞ்சு வருஷத்துக்குக் கையெழுத்து வச்சிருக்காரு. அவர் இல்லாட்டி நீங்க. ஒங்களுக்குப் பொறகு மகள்."

செபஸ்தியம்மா கோப்பையைக் கீழே வைத்தாள். "எம் புள்ளையை எதுக்குத் தம்பி இதுல இழுக்கிறீங்க?"

அன்றிரவே மகளுக்கு போன் போட்டாள். கொழும்பில் வேலை பார்க்கும் ஜெசிந்தினி லீவு எடுத்து வந்து, தாயைப் பதுளையில் கம்சலா என்ற சட்டத்தரணியிடம் கூட்டிப்போனாள்.

கம்சலா ஒப்பந்தத்தை வரி வரியாகப் படித்தாள். பிறகு நிமிர்ந்தாள். "இதுல ஒங்க பேரே இல்லையேம்மா."

"ரெண்டு பேர் பேருலயும்னுதானே சொன்னாரு!"

இரண்டாவது உரிமையாளர் என்ற இடம் வெறுமையாகக் கிடந்தது. அதைப் பார்த்ததும்தான் அந்த நாள் ஞாபகம் வந்தது. கையெழுத்து வைக்கப் போன அன்று அடையாள அட்டையை வீட்டில் மறந்துவிட்டுப் போயிருந்தாள். பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்றார்கள். பதுளையிலிருந்து பசறை வரைக்கும் பஸ்ஸில் அவர் திட்டிக்கொண்டே வந்தார். "நாளைக்கு எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா இது ஒனக்கு எப்புடிப் புள்ள வரும்?" அந்த "பிறகு" வரவேயில்லை.

"மறந்தது நல்லதாப் போச்சு" என்று கம்சலா சிரித்தாள். "கையெழுத்து வச்சிருந்தா நீங்களும் உரிமையாளராகி மாட்டியிருப்பீங்க, இப்ப வெறும் வாரிசுதான். நீங்க கட்டின ரசீதும் அவர் பேருலதான் இருக்கு. வாரிசுக்கு விருப்பமில்லாட்டி எழுத்துல மறுத்துடலாம்னு இவங்க நிபந்தனையிலயே போட்டிருக்கு."

தாயும் மகளும் கையெழுத்து வைத்த கடிதம் பதிவுத் தபாலில் போனது. கட்டணத்தைக் குறைத்துத் தருவதாக ரிஷி ஒரு தடவை போனில் பேசிப் பார்த்தான். செபஸ்தியம்மா மசியவில்லை. ஆறு வாரம் கழித்து, உரிமையைத் திருப்பி எடுத்துக்கொண்டதாகப் பதில் வந்தது. கட்டிய பணம் போனது போனதுதான். படித்து முடித்துக் கடிதத்தை மடித்துவைத்தாள். ஒரு பாரம் இறங்கியிருந்தது. கூடவே, அவரை இன்னொரு தடவை அடக்கம் செய்துவிட்டு வந்ததைப் போலவும் இருந்தது.

ஏப்ரலில் விடுதித் தோட்டக்காரர் தம்பையா போன் போட்டார். யேசுரத்தினத்தோடு லொறியில் கிளீனராகப் போனவர்.

"இந்த வருஷம் எப்ப வாறீங்க அக்கா?"

"அதைக் குடுத்துட்டோம் தம்பையா. நீ ஒருநாள் இங்க வாயேன்."

ஞாயிற்றுக்கிழமை ஒரு பை நிறைய வெலிமடை லீக்ஸ் மரக்கறியோடு வந்து இறங்கினார் தம்பையா. நமுனுகுலை இறக்கத்தில் பிரேக் போன லொறியை யேசுரத்தினம் அண்ணன் எப்படி மண்மேட்டில் சாத்தி நிறுத்தினார் என்பதைக் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். செபஸ்தியம்மா இதுவரை கேள்விப்படாத கதை அது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே அந்த மனுசன்!"

கடைசி பஸ் போகும்வரை அவள் தம்பையாவை விடவில்லை.