அம்மாவின் அறைக்கு ஓரடி

ராஜபாளையத்தில் வீடு கட்ட, ஸ்ரீவில்லிபுத்தூர் இன்ஜினியரிடம் பிளான் போடப் போனபோது தினசரிக் காலண்டரின் அட்டையைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். அதன் பின்பக்கத்தில் மனையடி சாஸ்திரம் அச்சாகியிருந்தது. எந்த அடி ஆகும், எந்த அடி ஆகாது என்று அதைப் பார்த்தே ஒவ்வொரு அறையையும் திருத்தினேன்.

அம்மா நடக்க முடியாமல் ஆகி இரண்டு வருடம். அவள் அறைக்கு இன்ஜினியர் ஒன்பதடி அகலம் வைத்திருந்தார். ஒன்பது ஆகாது, எட்டாக்குங்கள் என்றேன்.

"கட்டில் போக வீல்சேர் திரும்பணும்லா அண்ணாச்சி? பத்தாக்கிருவோம். ஹால்ல ஓரடி கொறையும், அம்புட்டுதான்."

ஹால் பதினாறடி. பதினைந்து ஆகாது என்று அட்டையைக் காட்டினேன். அட்டையாவது மண்ணாவது! நாலு பேர் வந்து உட்காரும் ஹாலைக் குறைக்க எனக்கு மனசு வரவில்லை.

மனையில் சுண்ணாம்புக் கோடு போட்ட அன்று அம்மாவையும் கூட்டிப் போனோம். அவளுடைய எட்டடி அறைக்குள் கட்டிலுக்கும் கோடு கிழித்து, வீல்சேரைத் தள்ளிப் பார்த்தோம். உள்ளே போனது. கோட்டை மிதிக்காமல் திருப்ப முடியவில்லை. என் மனைவி அதைப் பின்னுக்கு இழுத்தாள்.

"நான் எங்கய்யா போகப் போறேன்? எனக்கு இம்புட்டு எடம் போதும்" என்றாள் அம்மா.

வெறும் சுண்ணாம்புதான். காலால் அழித்துவிட்டுத் தள்ளிப் போட்டிருக்கலாம். மேஸ்திரி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் தோண்டச் சொன்னேன்.