பத்தொன்பது படங்களில் நின்ற நீலச் சட்டைக்காரர்

ஸ்டுடியோவின் முன்பக்கம் பளபளவென்று இருக்கும். திரைச்சீலையைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனால் ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறை. அங்கே இருபது வருஷமாக ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, கம்ப்யூட்டரில் படங்களை வெட்டுவதும் ஒட்டுவதும்தான் அவளுடைய வேலை. கண் மூடியிருந்தவருக்குக் கண்ணைத் திறந்துவிடுவாள். கோபித்துக்கொண்டு போன மருமகனைக் குடும்பப் படத்திலிருந்து எடுத்துவிடச் சொல்லி வருவார்கள். ஆறு மாதம் கழித்து, ராசியாகிவிட்டோம், திரும்பச் சேர்த்துவிடுங்கள் என்று அவர்களே வந்து நிற்பார்கள். அதனால் அவள் யாரையும் அடியோடு அழிப்பதில்லை. பெயர் போட்டு ஓர் ஓரமாகச் சேமித்து வைத்துவிடுவாள்.

"அக்கா ஒட்டினா, ஒட்டினவங்களுக்கே ஒட்டு தெரியாது" என்று முதலாளி வாடிக்கையாளர்களிடம் பெருமையடித்துக்கொள்வார்.

அவள் கணவர் கப்பலில் இன்ஜின் ஃபிட்டர். பத்து மாதம் கடல், இரண்டு மாதம் வீடு. சில வருஷம் அந்த இரண்டு மாதமும் ஒன்றாகச் சுருங்கிவிடும். துறைமுகத்திலிருந்து போன் செய்வார். "சாப்பிட்டியா? பாப்பா எங்க?" என்று ஆரம்பிக்கும்போதே லைன் அறுந்துபோகும்.

மகளுக்கு நாலு வயது முடிந்தபோது வீட்டிலேயே ஒரு கேக் வெட்டினார்கள். மறுநாள் படத்தைப் பார்த்துவிட்டுக் குழந்தை அழுதுகொண்டே கேட்டாள்: "எல்லா வீட்டுப் படத்துலயும் அப்பா இருக்காங்க. நம்ம படத்துல மட்டும் ஏம்மா இல்ல?"

அன்று மதியம் சாப்பாட்டு நேரத்தில், போன விடுமுறையில் மாடிப்படியோரம் எடுத்திருந்த படத்திலிருந்து கணவரை மெதுவாக வெட்டி எடுத்தாள். நீலச் சட்டை, கையில் வாட்ச், பாதிச் சிரிப்பு. மகளுக்குப் பக்கத்தில் நிற்க வைத்தாள். நிழலைச் சரிசெய்யத்தான் அதிக நேரம் பிடித்தது. ஆளை ஒட்டுகிறவர்கள் நிழலை மறந்துவிடுவார்கள் என்பது அவள் அடிக்கடி சொல்கிற பேச்சு.

ஒரே ஒரு தடவை, குழந்தையின் மனசுக்காக என்றுதான் செய்தாள். ஆனால் அடுத்த வருஷமும் செய்தாள். அதற்கடுத்த வருஷமும் செய்தாள். சட்டையின் நிறத்தை மட்டும் அவ்வப்போது மாற்றுவாள். எந்த நிறத்துக்கு மாற்றினாலும் அவள் கண்ணுக்கு அது நீலம்தான். மகள் வளர வளர அவருக்கும் காதோரம் கொஞ்சம் நரை வைத்தாள், குத்துமதிப்பாக. அவர் விடுமுறைக்கு வந்துபோன பிறகுதான் படத்தை ஆல்பத்தில் செருகுவாள், அதற்குள் எந்த நாளில் அவர் இருந்தார் என்பது மகளுக்குக் குழம்பிப்போயிருக்கும். வருஷத்தில் அந்த ஒரு மதியத்துக்காக அவள் காத்திருப்பாள் என்பது யாருக்கும் தெரியாது. அறையில் வேறு ஆள் இருக்காது. "கொஞ்சம் தள்ளி நில்லுங்க. கேக்கை மறைக்கறீங்க பாருங்க" என்று திரையைப் பார்த்து முணுமுணுப்பாள். வேலை முடிந்ததும் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, அவரைப் பார்த்தபடியே சாப்பிடுவாள். ஆறிப்போன சாப்பாடு அன்றைக்கு மட்டும் தொண்டையில் இறங்கும்.

மகளுக்கு இருபத்திரண்டு முடிந்த மாதத்தில் இரண்டு காரியங்கள் ஒன்றாக நடந்தன. மகளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. இன்ஜின் சத்தத்தில் பாதிக் காது போன கணவர், கப்பலுக்கு முழுக்குப் போட்டுவிட்டு வீட்டோடு வந்துவிட்டார். விடுமுறை அவசரத்தில் அவள் கவனித்ததே இல்லை, அவருக்குக் காதோரம் நரைக்கவே இல்லை. முன்தலைதான் வழுக்கையாகியிருந்தது. தன் கணக்குத் தப்பிப்போனதை நினைத்து அவள் தனக்குள் சிரித்துக்கொண்டாள்.

"அம்மா, என் பிறந்தநாள் படம் எல்லாத்தையும் சேர்த்து ஒரே படமா பண்ணிக் குடு. ரூம்ல மாட்டிக்கறேன்" என்றாள் மகள்.

நாலு வயதிலிருந்து பத்தொன்பது படங்கள். அவர் நிஜமாகவே நின்றது இரண்டில்தான். எல்லாவற்றையும் கட்டம் கட்டி அடுக்கி, பெரிதாக அச்சடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். மகள் அதைச் சாப்பாட்டு மேசையில் விரித்து, அப்பாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

"இது ஞாபகம் இருக்காப்பா? ஏழாவது பிறந்தநாள். கேக் வெட்டுறப்ப கரண்ட் போச்சு. நான் கத்துன கத்துக்கு நீங்கதான் தூக்கி வெச்சுக்கிட்டு, பயப்படாதடா, எண்ணு, நூறு எண்ணுறதுக்குள்ள வந்துடும்னு சொன்னீங்க. உங்க வாட்ச் முதுகுல குத்திக்கிட்டே இருந்துச்சு."

அவர் மனைவியை நிமிர்ந்து பார்த்தார். அவள் தண்ணீர் எடுக்கப் போவதுபோலத் திரும்பிக்கொண்டாள். குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு எண்ணச் சொன்னவள் அவள். முதுகில் குத்தியது அவள் கை வளையல்.

"ம். நல்லா ஞாபகம் இருக்கு" என்றார் அவர்.

இரண்டு நாள் கழித்து மகளைப் பஸ் ஏற்றிவிட்டு வந்ததும் அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டார். "அன்னைக்கு நான் நடுக்கடல்ல இருந்தேன். பிறந்தநாள்ங்கறதே மறந்துபோச்சு. யாரு அவளைத் தூக்கினது?"

"நான்தான்."

"அப்ப நீ செஞ்சதெல்லாம் என் கணக்குல ஏறிடுச்சா?" காது கேளாதவர்களுக்கே உரிய உரத்த குரலில் கேட்டார். "சொல்லிடலாம் அவகிட்ட."

"வேண்டாங்க. நல்லா இருக்கா. எதுக்கு அதைக் கலைச்சுக்கிட்டு?"

அவர் கேட்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தானே போன் போட்டு, ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டார். மறுமுனையில் மகள் முழுவதையும் கேட்டாள். பிறகு, "அம்மாகிட்ட குடுங்க" என்றாள்.

"ஏம்மா இப்படிப் பண்ணுன? இப்ப எது நடந்துச்சு, எது நடக்கலன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"நீ அழுதியேடி..."

"நாலு வயசுல அழுதேன். பத்து வயசுல சொல்லியிருக்கலாம்ல? பதினஞ்சுல சொல்லியிருக்கலாம்ல?"

அந்தப் படங்களைச் செய்தது மகளுக்காக மட்டுமில்லை என்பதைப் போனில் எப்படிச் சொல்வது?

அதன்பிறகு ஒரு மாதம் மகள் அவளை அழைக்கவில்லை. அவளாகக் கூப்பிட்டால், "வேலையா இருக்கேம்மா" என்று இரண்டு வார்த்தையில் முடித்துக்கொள்வாள். ஒருநாள் வெறும் ஒரு வரி வந்தது: "அப்பாவை ஒட்டுறதுக்கு முன்னாடி இருந்த படங்களை அனுப்பு." ஸ்டுடியோவில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்தாள். ஒரு சொடுக்கில் அவர் மறைந்துபோவார், நிழலும் சேர்ந்து போகும், குழந்தைக்குப் பக்கத்தில் வெறும் சுவர் தெரியும். பதினேழு தடவை அப்படிச் செய்தாள். எந்தப் படத்திலும் அவளும் இல்லை. அத்தனையையும் எடுத்தது அவள்தான். அனுப்பிவைத்தாள். பார்த்ததற்கான அடையாளம் வந்தது, பதில் வரவில்லை.

வீட்டில் இப்போது இரண்டு பேர். அவர் செய்தித்தாளை விரித்துக்கொண்டு ஹாலில் உட்கார்ந்திருப்பார். அவள் எதையாவது சொன்னால் "என்ன?" என்பார். திருப்பிக் கத்திச் சொல்லும்போது அந்த விஷயம் சப்பென்று ஆகிவிடும். அதனால் பாதியை அவள் சொல்வதே இல்லை. படத்தில் இருந்தவரிடம் இத்தனை வருஷம் எவ்வளவோ பேசியிருக்கிறாள், அவர் "என்ன?" என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அந்த மனிதர் இல்லாமல் போனதற்கு யாரிடம் துக்கம் சொல்லிக்கொள்ள முடியும்? அவர்தான் உயிரும் உடம்புமாக எதிரே உட்கார்ந்து பேப்பர் படிக்கிறாரே.

ஒருநாள் மதியம் அவர் ஸ்டுடியோவுக்கே வந்துவிட்டார். திரைச்சீலையை விலக்கி, அந்தச் சின்ன அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"இங்கயா இருபது வருஷம்?"

"ஆமா."

"ஜன்னல்கூட இல்லையே. எங்க இன்ஜின் ரூம் தேவலாம்போல."

அவள் சிரித்துவிட்டாள். உட்கார அவருக்கு வேறு நாற்காலி இல்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "சரி, நீ வேலையைப் பாரு" என்று கிளம்பிவிட்டார். அதன்பிறகு ஒருமுறையும் வரவில்லை.

மகள் மெல்ல மெல்ல மறுபடி பேச ஆரம்பித்தாள். சாப்பாடு, சம்பளம், தலைவலி என்று மேலோட்டமான பேச்சு. படத்தைப் பற்றி அவளும் எடுக்கவில்லை, இவளும் எடுக்கவில்லை. அடுத்த பிறந்தநாளுக்கு லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டாள். சாயங்காலம் போனுக்கு ஒரு படம் வந்தது. ஆபீஸ் மேசை, கேக், சுற்றிலும் ஏழெட்டுப் பேர். ஒருவரையும் தெரியவில்லை.

அவர் போனை வாங்கி, கண்ணருகே வைத்துப் பார்த்தார். "நம்ம ரெண்டு பேரையும் இதுல சேர்க்கப் போறியா?"

"வேண்டாங்க."

அவர் தலையாட்டினார். மகளுக்குப் போன் போட்டார்கள். லைன் பிஸியாக இருந்தது. அவள் அடுப்படிக்குப் போய் இரண்டு பேருக்கு உலை வைத்தாள். அரிசி வேகிறதற்குள் மகளுக்கு மறுபடியும் ஒரு தடவை போன் போட்டுப் பார்த்தாள்.