கலந்த கை

மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்த நாட்களில், நான் வரைந்த கட்டுமானப் படங்களை எடுத்துக்கொண்டு சாயங்காலம் வெள்ளைக்கார இன்ஜினீயர் துரையின் பங்களாவுக்குப் போவேன். அங்கே பட்லராக இருந்தவர் ஓமலூர்ப் பக்கத்து ஆள். நெட்டையான உடம்பு, கஞ்சி போட்டு மொடமொடக்கும் வெள்ளைத் தலைப்பாகை. விஸ்கி, இனிப்பு ஒயின், சிவப்பான கசப்பு மது மூன்றையும் ஐஸில் கலக்கி, ஆரஞ்சுத் தோலைப் பிழிந்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் நிறம் பார்ப்பார். அதன் பிறகுதான் கிளாஸ் தட்டுக்குப் போகும்.

ஒருநாள் விருந்தாளியாக வந்த துரை ஒரு வாய் குடித்துவிட்டு, "கசப்பே இல்லை, இனிக்கிறது" என்று முகம் சுளித்தார். நான் படங்களைச் சுருட்டிக்கொண்டு கதவோரம் ஒதுங்கினேன்.

பட்லர் அசையவில்லை. "கலவை சரியாத்தான் இருக்குதுங்க. இப்பத்தான் தோட்டத்துல நெல்லிக்காய் தின்னீங்க. அதுக்கு மேல எதைக் குடிச்சாலும் இனிக்குமுங்க. வாயைக் கொப்புளிச்சு, ஒரு பிஸ்கட்டைக் கடிச்சுட்டுக் குடிங்க, தொரை."

துரை அப்படியே செய்தார். குடித்தார். இன்னொரு கிளாஸ் கேட்டார்.

வெளியே வந்ததும் பட்லரிடம், "ஏனுங்க, ருசி பாத்துட்டுத்தான் அவ்வளவு உறுதியாச் சொன்னீங்களா?" என்று கேட்டேன்.

"நானுங்களா? ஒரு சொட்டு நாக்குல பட்டதில்லீங்க. ஆனா கலந்த கை என்னுதுங்களே!"

துரை முகம் சுளித்தால், சரியாக வரைந்த கோட்டையும் அழித்துவிடுகிறவன் நான். மறுநாள் எங்கள் இன்ஜினீயர் துரை என் படத்தைப் பார்த்து முகம் சுளித்தார். அழிப்பதற்கு முன் ஒருமுறை அளந்து பார்த்தேன். ரப்பரைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.